ஒரு முழத்துக்குக் கீழே

ஜன்னலைச் சித்தெ சாத்துங்க சார். காத்து வேண்டாமுங்க. அஞ்சு நாளா இந்தச் சீமைக் காத்தைத் தின்னு தின்னு வயிறு ரொம்பிப் போச்சு. காதுக்குள்ள மண்ணு, மூக்குக்குள்ள மண்ணு, சோத்துல மண்ணு. அதுவும் என்ன மண்ணுங்கறீங்க, செங்கல்லை அரைச்சாப்பல செவப்பு மண்ணு. ஆமாமா, அந்தத் தேரிக்காட்டுப் பக்கம்தான் போயிருந்தோம். நீங்க எதுவரைக்கும்? மதுரையா? நல்லதாப் போச்சு. நானும் மதுரை போயி அங்கிருந்து ஈரோடு வண்டி புடிக்கோணும். நமக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கமுங்க.

தனியாத்தான் போறேன். சம்சாரம் வரலை. வருவா. ரெண்டு நாள்ல வந்துருவா. எங்க போயிருவா?

திருச்செங்கோடுன்னு சொன்னதும் லாரியான்னு எல்லாரும் கேப்பாங்க. லாரி இல்லீங்க, போர்வெல். முப்பத்தெட்டு வருஷம் ரிக்கு வண்டி வெச்சிருந்தேன். ராஜஸ்தான்ல போட்டிருக்கறேன், சத்தீஸ்கர்ல போட்டிருக்கறேன், ஒரிசாவுல பாறைன்னா பாறை அப்பேர்ப்பட்ட பாறை, அதுலயும் போட்டிருக்கறேன். நாச்சிமுத்து வண்டி வந்து நின்னா தண்ணி வரும்னு அந்தக் காலத்துல ஒரு பேச்சு. உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுட்டுக் காட்டுக்குள்ள நடந்தன்னு வெச்சுக்கங்க, நீரோட்டம் இருக்கற எடத்துல அது எந்திரிச்சு நிக்கும். சிரிக்காதீங்க. நீங்க பேங்க்குல வேலைங்கறீங்க, உங்களுக்குக் காயிதம்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவனைக் கூட்டிட்டுப் போயி இவங்க எனக்குத் தண்ணியைப் பத்திப் பாடம் எடுக்கறாங்க. அதுதான் சார் மனசு ஆற மாட்டீங்குது.

மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க. எனக்கு ஒரே பொண்ணு, தேன்மொழி. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளை பூபேஷ், அவருக்கும் கம்ப்யூட்டர்தான். நல்ல பையன், கொறை சொல்றதுக்கில்லை. ஆனா ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டு, அம்மாவுக்கு அறுபத்தொண்ணு முடியுது, இதுவரைக்கும் கடலையே பார்த்ததில்லை, காரவன்ல ஒரு வாரம் கடக்கரையோரமாவே கூட்டிட்டுப் போறோம்னு முடிவு பண்ணிட்டாங்க. கடலைப் பார்க்காம ஒருத்தி அறுபத்தொரு வருஷம் இருந்தாளான்னு நீங்க கேக்கலாம். இருந்தா. நாப்பது வருஷமா அது ஒரே பாட்டு. ஏனுங்க, அடுத்த தடவை விசாகப்பட்டணம் வண்டி போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஏனுங்க, குஜராத் போறீங்களே, அங்க கடல் இருக்குதாமா. நான் சொல்லுவேன், பூவாத்தா, கடல்ல என்ன இருக்குது? உப்புத் தண்ணி. எங்க தொழில்ல உப்புத் தண்ணி வந்தா போர் ஃபெயிலுன்னு அர்த்தம். ஃபெயிலாப் போன தண்ணியைப் போயி வேடிக்கை பார்ப்பாங்களா?

அவளும் அப்பறம் கேக்கறதை உட்டுட்டா. மறந்துட்டான்னு நானும் நெனச்சேன்.

காரவனுன்னா என்னன்னு தெரியுமுங்களா? வேனுங்க. வேனை நீளமா இழுத்தாப்பல இருக்கும். உள்ள நாலு மெத்தை, ஒரு அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜு, டிவி. பின்னாடி பீரோ அகலத்துக்கு ஒரு ரூமு, அதுலயே குளிக்கோணும், அதுலயே கக்கூசும் போகோணும். கக்கூசுக்கும் அடுப்புக்கும் நடுவால ஒரு பிளைவுட்டுதான். நான் மாப்பிள்ளையைக் கேட்டேன், ஏனுங் மாப்பிள்ளை, நாம வீட்டை உட்டுட்டு ஊர் பார்க்கப் போறமா, இல்லை வீட்டுக்கு ஊரைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறமான்னு. அவரு சிரிச்சுட்டு, வண்டியிலயே படுத்துத் தூங்கறது ஒரு எக்ஸ்பீரியன்ஸ் மாமாங்கறாரு. யாருகிட்ட? முப்பத்தெட்டு வருஷம் வண்டிக்கு அடியில தார்ப்பாயை விரிச்சுப் படுத்து எந்திரிச்சவன்கிட்ட. எங்க பசங்க டீசல் வாசத்துல தூங்குவாங்க சார். பூனாவுல ஒருக்கா பாம்பு மேல படுத்து எந்திரிச்சேன். அதுக்கு எவனும் எக்ஸ்பீரியன்ஸுன்னு பேர் வெக்கலை.

சரி, பொண்ணு ஆசைப்பட்டான்னு ஏறி உக்காந்தேன். தூத்துக்குடியைத் தாண்டித் தெக்கால போறோம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் ஒடைமரம். மாப்பிள்ளை போனைப் பார்த்துப் பார்த்து டிரைவருக்கு வழி சொல்றாரு. டிரைவர் ஒரு சோழவந்தான்காரன், அவனுக்கு ரோடு தெரியாதாமா. ரோடு தெரியாத டிரைவரு, ஊரு தெரியாத மாப்பிள்ளை, நடுவுல நானு. மணல்துறைன்னு ஒரு ஊரு. ஊருன்னா ஒரு மாதா கோயிலு, நாப்பது வீடு, கடக்கரையில படகு. அதையும் தாண்டி, யாருமே வராத எடம்னு சொல்லி, தாழம்புதருக்கும் பனைமரத்துக்கும் நடுவுல கொண்டுபோயி வண்டியை நிறுத்துனாங்க. யாருமே வராத எடத்துக்கு ஏன் யாருமே வரலைன்னு யோசிக்க வேண்டாமா? காத்து சார். ஆளையே தள்ளிட்டுப் போற காத்து.

பூவாத்தா எறங்குனா. செருப்பைக் கழட்டி வண்டிப் படியில வெச்சா. நேரா நடந்துபோயி தண்ணியில நின்னா. அலை வந்து முழங்கால் வரைக்கும் அடிக்குது, சேலை நனையுது, இவ சிரிக்கறா. நான் இங்கிருந்து சத்தம் போடறேன், ஏ புள்ளே, சேலை நனையுது பாரு, சேலை நனையுது பாருன்னு. திரும்பியே பார்க்கலை. அறுபத்தொரு வயசு. பேரன் பேத்தி எடுக்கற வயசுல, இன்னும் எடுக்கலை, அது வேற கதை, இப்படிக் கெக்கே பிக்கேன்னு சிரிச்சா நாலு பேரு என்ன நெனப்பாங்க? நாலு பேரு அங்க இல்லைதான். அதுக்காக?

எனக்கு என்னன்னா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியலை. கோவமா இருந்துச்சு.

ரெண்டாம் நாள் காத்தால எந்திரிச்சுப் பார்க்கறேன், வண்டி பூராவும் உப்பு. கண்ணாடியில, கதவுல, சக்கரத்துல, எல்லாத்துலயும் உப்புப் படிஞ்சு கெடக்குது. இரும்பு சார் அது. உப்புல நின்னா துருப் புடிக்குமா புடிக்காதா? யாரோட வண்டியா இருந்தா என்ன, கண்ணு முன்னாடி ஒரு வண்டி கெட்டுப் போறதைப் பார்த்துட்டு நான் சும்மா உக்காந்திருக்க முடியுமா? டேங்க்குல இருந்து ஒரு ஓஸ் பைப்பைப் போட்டு, அடிச்சட்டம் வரைக்கும் நல்லாக் கழுவி உட்டேன். அதுக்கப்பறம் மாப்பிள்ளை குளிக்கப் போனாரு. சோப்புப் போட்டுட்டு நிக்கறப்ப தண்ணி நின்னு போச்சு. டேங்க் காலி. உடனே என்ற பொண்ணு, ஏப்பா, இருநூத்தம்பது லிட்டரையுமா வண்டிக்கு ஊத்துனீங்கன்னு கேக்கறா. அவரு மொத நாள் ரெண்டு தடவை குளிச்சது கணக்குல வரலை பாருங்க.

அப்பத்தான் அந்தப் பொம்பளைங்க வந்தாங்க. மணல்துறைப் பொம்பளைங்க, ஏழெட்டுப் பேரு, இடுப்புல கொடத்தோட. எங்க வண்டி நின்ன எடத்துக்குப் பின்னால, தாழம்புதருக்குள்ள மணல்ல சின்னச் சின்னப் பள்ளமா தோண்டி வெச்சிருக்காங்க. ஊத்துங்கறாங்க அதை. ஊத்தாம்! ஒரு முழப் பள்ளம். அதுல உள்ளங்கை அளவுக்குத் தண்ணி கசியுது. அது கசியற வரைக்கும் சுத்தி உக்காந்துட்டுப் பேசிட்டே இருக்கறது, கசிஞ்சதும் தேங்காச் சிரட்டையில மோந்து கொடத்துல ஊத்தறது. மறுபடி கசியற வரைக்கும் மறுபடி பேச்சு. ஒரு கொடம் ரொம்பறதுக்கு அரை மணி நேரம் ஆகுது. கடல்ல இருந்து நூறு அடி இருக்காது. ஆனா தண்ணி இனிக்குது. பூவாத்தா ஒரு சிரட்டை வாங்கிக் குடிச்சுட்டு, இளநியாட்டம் இருக்குதுங்கன்னு கத்தறா. குழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருமாமா, அதுவும் சப்பையா இருக்குமாமா, அதனால சோறாக்கவும் குடிக்கவும் ஊருக்கே இந்த ஊத்துதானாமா.

அதுல ஒருத்தி பேரு சலேத் மேரி. அம்பது வயசு இருக்கும். கைகாலெல்லாம் காஞ்ச பனைமட்டையாட்டம் உரமான பொம்பளை. எங்க நெலமையைப் பார்த்துட்டு ரெண்டு கொடம் தண்ணி குடுத்தா. அதைக் குடுத்த கையோட சட்டம் பேசறா.

"அண்ணாச்சி, உங்களுக்கு வேணும்னா நீங்களும் மோந்துக்கிடுங்க. ஆனா ஒரு முழத்துக்குக் கீழ தோண்டிராதிய. வாளி போட்டு எறைக்கவும் கூடாது. சிரட்டைதான்."

யாருகிட்டச் சொல்றா பாருங்க. ஆயிரத்து நானூறு அடி போட்டவன்கிட்ட ஒரு முழம்!

நான் கேட்டேன், ஏம்மா, கீழ போனா என்னன்னு. "எங்கம்மா சொல்லிருக்காவ. அவியம்மா அவியளுக்குச் சொல்லிருக்காவ"ன்னா. முடிஞ்சுது. அம்மா சொல்லிட்டா அப்பறம் பேச்சேது? இப்படித்தான் சார் நாடு கெட்டுப் போச்சு. கீழ ஆறு ஓடுனாலும் மேல உக்காந்து சிரட்டையில வழிச்சுட்டு இருப்பாங்க.

பூவாத்தா அன்னைக்குப் பூராவும் அவங்ககூடவே உக்காந்துட்டா. ஒரு சிரட்டையை வாங்கிட்டு எப்படி மோக்கறதுன்னு படிக்கறாளாமா. மணலைக் கலக்காம, மேலாக்கத் தொட்டு எடுக்கோணுமாமா. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். "இருங்க, என்ற மொறை வருது"ங்கறா. வரிசையில அவளுக்கும் ஒரு மொறை குடுத்துட்டாங்க. வூட்டுல கெணத்துக்கு மூணு மோட்டார் போட்டுக் குடுத்திருக்கறேன், பொத்தானை அமுக்குனா தண்ணி, அங்க ஒரு நாளும் இவ மூஞ்சியில இந்த வெளிச்சம் இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை சொல்றாரு, நாளைக்கு டவுனுக்குப் போயி டேங்க்கை ரொப்பிட்டு வந்துரலாம் மாமான்னு. சாதாரணமாத்தான் சொன்னாரு. ஆனா நீங்களே யோசிங்க. நாச்சிமுத்து நிக்கற எடத்துல தண்ணிக்கு டவுனுக்குப் போறதாமா? ஊர்ல தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க? வண்டியில சமையலுக்கு வாங்கி வெச்சிருந்த தேங்காயை எடுத்தேன். உள்ளங்கையில வெச்சுட்டு நடந்தேன். அந்த ஊத்துப் பள்ளங்களுக்கு நடுவால வந்ததும் எந்திரிச்சு நின்னுச்சு சார். கம்பமாட்டம் நின்னுச்சு. நானே அப்படி ஒரு நீரோட்டத்தைப் பார்த்துப் பல வருஷமாச்சு. மாப்பிள்ளை, பார்த்துக்கங்கன்னேன். அவரு போன்ல படம் புடிச்சாரு. பூவாத்தா மட்டும், "ஏனுங்க, அவங்க சொன்னாங்கல்ல"ன்னா. நீ சும்மா இருன்னுட்டேன்.

அடுத்த நாள் ஞாயித்துக்கெழமை. அந்த ஊர்ல ஞாயித்துக்கெழமை யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க, பொம்பளைங்களும் தண்ணிக்கு வர மாட்டாங்க. எல்லாரும் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருவாங்க. எனக்கு அது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியும்தான். சலேத் மேரியே சொன்னா, நாளைக்கு எங்களைத் தேடாதிய, பூசை முடிஞ்சு உச்சிக்குத்தான் வருவோம்னு. நான் நெனச்சது என்னன்னா, யாருக்கும் எடைஞ்சல் இல்லாம வேலையை முடிச்சுரலாம், வந்து பார்க்கறப்ப அசந்து போயிருவாங்க. டேங்க்கை ரொப்பறது மட்டும் இல்லை சார், அந்த ஊருக்கே காலத்துக்கும் ஒரு கெணறு போட்டுக் குடுத்துட்டு வரோணும்னு எனக்கு ஒரு எண்ணம். எனக்கென்ன லாபம் அதுல? சொல்லுங்க.

பக்கத்துல ஒரு முருங்கைத் தோட்டம். அங்க பேசி ஒரு ஆயில் எஞ்சினைக் கொண்டாந்தேன், கூடவே ஒரு ஆளையும். அவனும் நம்ம டிரைவரும் வெட்ட, நான் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல, வேலை நடந்துச்சு. மணல் சரிஞ்சுட்டே இருக்கும், அதுக்கு ரெண்டு பிளாஸ்டிக் பீப்பாயை அடியை வெட்டி ஒண்ணு மேல ஒண்ணா எறக்குனேன். பத்தடி. தண்ணி எப்படி வந்துச்சுங்கறீங்க! பொங்கி வந்துச்சு. பொல பொலன்னு பொங்கி வந்துச்சு. எஞ்சினைப் போட்டதும் கால் மணி நேரத்துல டேங்க் ரொம்பி வழியுது. என்ற பொண்ணு கை தட்டுனா. மாப்பிள்ளை, மாமா சூப்பருன்னாரு. அந்தாளு வாயில இருந்து நான் கேட்ட மொத நல்ல வார்த்தை.

டேங்க் ரொம்புனதும் எஞ்சினை நிறுத்தியிருக்கலாம்னு இப்பச் சொல்றாங்க. தொழில் தெரியாதவங்க பேச்சு அது. புதுசா போர் போட்டா ஃபிளஷ் பண்ணோணும் சார். ஊத்துக்கண்ணு தெறக்கற வரைக்கும், கலங்கல் போயி கண்ணாடியாட்டம் வர்ற வரைக்கும் தண்ணியை வெளிய அடிச்சுத் தள்ளோணும். அது எங்க முறை. முப்பத்தெட்டு வருஷமும் நான் ஃபிளஷ் பண்ணாம ஒரு போரைக் கை மாத்துனது கெடையாது. ரெண்டு மணி நேரம் ஓட்டுனேன். தண்ணி வாய்க்காலாட்டம் ஓடிக் கடலுக்குப் போச்சு. என்ற காலை நனைச்சுட்டுத்தான் போச்சு. நான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நடுவுல நின்னுட்டு இருந்தேன்.

உச்சிப் பொழுதுக்கு அவங்க வந்தாங்க. எல்லாம் நல்ல சேலை, கழுத்துல செபமாலை, கையில கொடம். எஞ்சின் சத்தம் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்போல, வேகமா வந்தாங்க. நான் எஞ்சினை நிறுத்திட்டு, வாங்கம்மா, இனிமேல் சிரட்டையெல்லாம் தூக்கிப் போட்டுருங்கன்னேன். சலேத் மேரி நேரா வந்தா. பீப்பாய்க்குள்ள எட்டிப் பார்த்தா. குனிஞ்சு கையை உட்டு, வெரலை நாக்குல வெச்சா. துப்பிட்டா. அப்பறம் பக்கத்துல இருக்கற அவங்க பள்ளத்துக்குப் போயி வெரலை வெச்சா. அதையும் துப்புனா. இன்னொரு பள்ளம். இப்படியே ஒவ்வொரு பள்ளமா போறா, நாக்குல வெக்கறா, துப்பறா. மத்த பொம்பளைங்க அவ பின்னாலயே போறாங்க.

"உப்பு"ன்னா.

கலங்கலும்மா, தெளிஞ்சா சரியாப் போயிரும்னேன் நானு. அதுக்கு அவ சொல்றா:

"தெளியாது அண்ணாச்சி. அடியில பூராவும் கடலு. மேல மழைத்தண்ணி மெதந்துட்டு கெடக்கு, பால்ல ஆடை கெடக்கமாரி. நாங்க ஆடையைத்தான் வழிச்சுட்டு இருந்தோம். நீங்க கிழிச்சுட்டிய."

இனி எப்ப நல்லாகும்னு என்ற பொண்ணு கேட்டா. "ஐப்பசி மழைக்குப் பெறவு பாக்கணும்"னா. இது மாசி மாசம் சார். எண்ணிப் பாருங்க. சும்மா பயமுறுத்தறது. நாலு நாள்ல சரியாப் போற விசயத்துக்கு ஐப்பசியாம்.

அதுல எனக்கு எது வவுத்தெரிச்சல்னா, ஒருத்திகூட என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன், அவங்க நாலு வார்த்தை பேசியிருப்பாங்க, அப்படியே சமாதானமாப் போயிருக்கும். கொடத்தை எடுத்து இடுப்புல வெச்சாங்க. தெக்கால மூணு மைலுக்கு அக்கட்ட இன்னொரு ஊத்து இருக்குதாமா, அது வேற ஊர்க்காரங்களுது, கேட்டுப் பார்க்கோணும்னு சொல்லிட்டு அந்த வெயில்ல நடந்தாங்க. நல்ல சேலையோட. நான் போட்ட கெணறு அங்க ரொம்பி நிக்குது, அதைத் திரும்பிப் பார்க்காம நடக்கறாங்க. இது மரியாதையா?

பூவாத்தா வண்டிக்குள்ள போனா. சமையல் பாத்திரத்துல பெரிசா ஒண்ணை எடுத்தா. அவங்க பின்னாலயே நடந்தா.

எங்க போறேன்னேன். அப்பத்தான் திரும்பிப் பார்த்தா. அத்தனை பேரு முன்னாடி கேட்டா சார்: "ஏனுங்க, முப்பத்தெட்டு வருஷம் ஊர் ஊராப் போயி ஓட்டை போட்டீங்க. போட்டுட்டு வண்டியை எடுத்துட்டு வந்துருவீங்க. பின்னால அந்த ஊர் என்னாச்சுன்னு ஒரு தடவையாச்சும் திரும்பப் போயிப் பார்த்தீங்களா?"

எதுக்குப் பார்க்கோணும்? சமையக்காரன் சாப்பாடு போட்டுட்டு, செரிச்சுதான்னு வூடு வூடாப் போயிக் கேப்பானா? ஆனா இதை அவகிட்டச் சொல்லலை. அவ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லீங்க.

அன்னைக்கிச் சாயங்காலம் என்ற பொண்ணு டேங்க்குத் தண்ணியில டீ போட்டா. பால் திரிஞ்சு போச்சு. உப்புத்தண்ணியாலங்கறாங்க. பாக்கெட் பாலுங்க அது, ரெண்டு நாள் பழசு, திரியாம என்ன பண்ணும்? கீழ ஊத்திட்டாங்க. நான் குடிக்கலை. எனக்கு டீ பழக்கம் இல்லை.

நேத்துக் காத்தாலயிருந்து மாப்பிள்ளை என்ன பண்றாருங்கறீங்க? காரவனை எடுத்துட்டு டவுனுக்குப் போறாரு. டேங்க்குல தண்ணியை ரொப்பிட்டு வர்றாரு. மணல்துறைக் கோயில் முன்னாடி நிறுத்தி ஓஸைப் போடறாரு, பொம்பளைங்க கொடத்தோட வரிசையில நிக்கறாங்க. மறுபடி டவுனு. எக்ஸ்பீரியன்ஸாம்! காரவனாம்! மெத்தையும் டிவியும் வெச்ச வண்டியில என்ற மாப்பிள்ளை தண்ணி லாரி ஓட்டிட்டு இருக்காரு. லீவு முடியற வரைக்கும் ஓட்டுவாராமா. என்ற பொண்ணு என்னடான்னா ஊருக்குத் தண்ணி கேட்டு ஆபீசருக்கு மனு எழுதறா. பூவாத்தா சலேத் மேரி வூட்டுல போயிப் படுத்துக்கிட்டா. எல்லாரும் சேர்ந்து என்னமோ நான் கொலை பண்ணுனாப்பல பார்க்கறாங்க. ஊருக்கு நல்லது பண்ணப் போனவன் சார் நானு. சொல்லுங்க, நான் செஞ்சது தப்பா?

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. சரி.

இன்னைக்குக் காத்தால நான் பூவாத்தாகிட்டச் சொல்லிட்டேன். போதும், பெட்டியைக் கட்டு, பஸ்ஸுக்குப் போலாம்னு. அவ அந்த ஊத்துக்கிட்ட உக்காந்திருந்தா. பீப்பாயைப் புடுங்கிப் போட்டுட்டு, அந்த முருங்கைத் தோட்டத்து ஆளை வெச்சு பள்ளத்தை மூடிட்டாங்க. மேல மறுபடியும் ஒரு முழத்துக்குத் தோண்டி, கசியறதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கா. நான் சொல்றேன், உனக்கென்ன பைத்தியமா, அறுபத்தொரு வயசுல எவளோ ஒருத்தி வூட்டுல போயி உக்காந்துக்கிட்டு, ஊர்ல என்ன பேசுவாங்க, தண்ணி நல்லாத்தான் இருக்குது, அவங்க சும்மா வேசம் போடறாங்க, நீ கெளம்புன்னு. இன்னும் என்னென்னமோ பேசுனேன்.

அப்பறம் சிரட்டையில கொஞ்சம் தண்ணி மோந்தா. கலக்காம, மேலாக்கத் தொட்டு. எந்திரிச்சு வந்து என்ற முன்னாடி நீட்டுனா.

"ஒரு வாய் குடிங்க"ன்னா. "குடிச்சுப்போட்டு நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. நான் உங்ககூட வந்தர்றேன்."

சத்தியமா அவ்வளவுதான் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லலை. தாகத்தோட வூட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு நீட்டறாப்பல நீட்டிட்டு நின்னா. தேன்மொழி வண்டிப் படியில நின்னு பார்த்துட்டு இருக்கா. சலேத் மேரி கொடத்தைக் கீழ வெச்சுட்டுப் பார்க்கறா. நான், கண்ட தண்ணியையும் குடிக்கறதுக்கு நான் என்ன பச்சைப் புள்ளையான்னு சொல்லிட்டு, பையை எடுத்துத் தோள்ல போட்டுட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். மணல்ல ரெண்டு மைலு நடந்தேன். யாராச்சும் பின்னால வருவாங்கன்னு நெனச்சு மெதுவாத்தான் நடந்தேன்.

ஒரு வாய்த் தண்ணி. அதைக் குடிச்சுட்டு, வாயில வந்த பொய்யை ஒண்ணு சொல்லியிருந்தா, இன்னேரம் இந்த சீட்டுல நீங்க உக்காந்திருக்க மாட்டீங்க சார். அவ உக்காந்திருப்பா. பொய் சொல்ல எனக்குத் தெரியாதுன்னா நெனக்கறீங்க? முப்பத்தெட்டு வருஷம் தொழில் பண்ணியிருக்கறேன். இன்னும் அம்பதடி போனா தண்ணி வந்துரும்னு எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன்.

ஏன் குடிக்கலைன்னா கேக்கறீங்க?

ஞாயித்துக்கெழமை எஞ்சின் ஓடிட்டு இருக்கறப்ப நான் அந்தத் தண்ணிக்கு நடுவுல நின்னேன்னு சொன்னேனில்லை. சித்தெ நேரம் கழிச்சு மேட்டுல ஏறி வெயில்ல உக்காந்தேன். கால் காஞ்சுது. காஞ்சதும் கணுக்காலைச் சுத்தி வெள்ளையாப் பூத்திருந்துச்சு, வண்டிச் சக்கரத்துல படிஞ்சிருந்தாப்பலயே. பூசை இன்னும் முடியலை, அவங்க யாரும் வரலை, எஞ்சின் ஓடிட்டுத்தான் இருக்குது. நான் அதைப் பார்த்தேன். அப்பறம் துண்டை எடுத்துத் தொடச்சுட்டேன். ரெண்டு காலையும் நல்லாத் தொடச்சுட்டேன் சார்.